31 நாள், 31 மிருகம், ஒரு சிலிக்கா ஜெல் டப்பா

போன வெள்ளிக்கிழமை, அக்டோபர் 31, ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு இங்க்டோபரோட கடைசி படத்த முடிச்சேன். வாடகை வீட்டுக்கு குடி வந்த ஒரு வௌவால் சுவத்துல இருக்கிற போட்டோவையெல்லாம் ஒன்னொன்னா தலைகீழா திருப்பி மாட்டுது, அதான் படம். மை காயுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு கோடு கூட ஓடல. 3ஆம் தேதி வரைஞ்ச காக்காவையும் இந்த வௌவாலையும் ஒன்னா வச்சு பாத்தா ரெண்டும் ஒரே ஆளு வரைஞ்சதுன்னே தோணாது. அந்த வித்தியாசம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க எனக்கு பதினோரு நாள் ஆச்சு, மறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எழுதி வச்சிடறேன்.

இங்க்டோபர்னா தெரியாதவங்களுக்கு: அக்டோபர் மாசம் முழுக்க தினம் ஒரு படம், மையில. ஜேக் பார்க்கர்னு ஒரு அமெரிக்க ஓவியர் 2009ல தன்னோட மை வேலைய தேத்திக்கறதுக்காக ஆரம்பிச்சது. அடியில பென்சில்ல கோடு போட்டுக்கலாம், தப்பில்ல. தினம் முடியாதவங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரையலாம், வாரத்துக்கு ஒன்னு கூட வரையலாம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சொல்லு போட்டு பட்டியலும் வரும், ஆனா நான் அத எடுக்கல. மலேசியாவுல, எங்க பினாங்குல நான் என் கண்ணால பாத்த மிருகம், பறவை, ஊர்வன மட்டும்தான், அதுவும் சிரிப்பு வர்ற மாதிரின்னு முடிவு பண்ணி, செப்டம்பர் கடைசி வாரம் காலண்டர் தாள் கிழிச்சு பின்னாடி எழுதினேன். பூனை, காக்கா, மைனா, பல்லி, சேவல், தாவரவியல் பூங்கா குரங்கு, கண்ணாடி போட்ட மாதிரி இருக்குமே அந்த லோத்தோங் குரங்கு, பெரிய கால்வாயில நடந்து போற உடும்பு, இருவாச்சி, நீர்நாய், பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயில் விரியன், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இழுக்கிற மாடு. 24 வரைக்கும் கடகடன்னு வந்துச்சு. மிச்சம் ஏழுக்கு அம்மாவும் மகனும் உதவி பண்ணாங்க, வௌவால் அம்மா சொன்னது.

நான் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ஃபேக்டரியில கணக்குப் பிரிவுல இருக்கேன். காலைல ஏழு மணிக்கு கிளம்பினா சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வீடு. சமையல், மகனோட பள்ளி வேலை எல்லாம் முடிய ஒன்பது ஆயிடும், அதனால வரையறது ராத்திரி ஒன்பதுலேருந்து பதினொன்னு வரைக்கும், சமையல்கட்டு மேசையில. இந்த சமையல்கட்டு மேசைதான் பின்னாடி பெரிய விஷயமா ஆகப்போகுது.

சாமான் என்னென்ன வாங்கினேன்னு சொல்லிடறேன். பிக்மா மைக்ரான் பேனா மூனு, 01, 05, 08. கோடு 0.25, 0.45, 0.50 மில்லிமீட்டர், மூனும் சேத்து 27 வெள்ளி (எங்க ஊரு ரிங்கிட்ட வெள்ளின்னுதான் சொல்வோம்). காட்ரிட்ஜ் போடற பிரஷ் பேனா ஒன்னு 58 வெள்ளி, இதுதான் எல்லாத்தவிட விலை. தொட்டு வரையற ஜி நிப் மூனு 18 வெள்ளி, அதுக்கு கைப்பிடி 12. இந்தியன் இங்க் 30 மில்லி போத்தல் 16. ஏ5 அளவு, 200 ஜிஎஸ்எம் கனத்துல பேப்பர் பேட் ஒன்னு போன வருஷமே வாங்கி அலமாரியில கெடந்துச்சு, அப்ப 19 வெள்ளி. வெள்ளை ஜெல் பேனா 7. ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடணும், இந்தியன் இங்க்க சாதாரண ஃபவுண்டன் பேனாவுல ஊத்திடாதீங்க, அதுல அரக்கு கலந்திருக்கும், காஞ்சா உள்ள கெட்டியாகி பேனா போயிடும். தொட்டு வரையற நிப்புன்னா கழுவி துடைச்சிடலாம்.

முதல் நாள் பூனை. மாமாக் கடையில, அதான் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, நாற்காலி மேல ஏறி உக்காந்து மெனு பாக்குது. ரெண்டு மணி நாப்பது நிமிஷம் ஆச்சு. பென்சில்லயே ஒன்றரை மணி நேரம் போயிடுச்சு, அழிச்சு அழிச்சு. எச்பி பென்சில்ல அழுத்தி வரைஞ்சிருந்தேன், மைக்ரான்ல மேல ஓட்டிட்டு காயறதுக்கு முன்னாடியே ரப்பர் போட்டேன், கோடெல்லாம் சாம்பல் நிறமாயிடுச்சு. மைக்ரான் மை தண்ணிக்கு அசையாது, ஆனா ரப்பர் அழுத்தி தேய்ச்சா கருப்பு வெளிறிடும். ரெண்டாவது நாள்லேருந்து வெளிர் நீல பென்சிலுக்கு மாறிட்டேன், 5 வெள்ளி, அத அழிக்கவே வேணாம், போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையா மாத்தும்போது நீலம் தானா காணாம போயிடும். இந்த ஒரு மாத்தத்துலயே தினம் இருபது நிமிஷம் மிச்சம்.

மூனாவது நாள் காக்கா. நடு ரோட்டுல நின்னு போக்குவரத்த சரி பண்ணுது. காக்கான்னா கருப்பு நிறைய வேணும், அதனால முதல் தடவையா நிப்பையும் இந்தியன் இங்க்கையும் எடுத்தேன். ரெக்கையோட வெளிக்கோடு போட்டதும் கோட்டோட ரெண்டு பக்கமும் முடி முடியா மை பரவுச்சு. காக்காவுக்கு தாடி வளந்த மாதிரி. சரி புது நிப்பு, எண்ணெய் இருக்கும்னு நெனச்சேன். அது உண்மைதான், ஜி நிப் துருப்பிடிக்காம இருக்க மேல எண்ணெய் பூசித்தான் வரும், பல் பசை கொஞ்சம் தேய்ச்சு கழுவினா மை ஒழுங்கா ஒட்டும். தேய்ச்சேன். மை நல்லா இறங்குச்சு, ஆனா பரவறது நிக்கல.

அடுத்து மைமேல சந்தேகம். சனிக்கிழமை கடைக்கு போயி வேற கம்பெனி போத்தல் ஒன்னு வாங்கினேன், இன்னொரு 16 வெள்ளி. அதுவும் பரவுச்சு. அப்புறம் நிப்ப மாத்தினேன், மூனாவதையும் மாத்தினேன். அப்புறம் பேப்பர்மேல சந்தேகம், சந்தேகப்பட்ட ஆளு சரி, ஆனா காரணம் தப்பு: இது மட்டமான பேப்பர்னு நெனச்சு அதே 200 ஜிஎஸ்எம்ல வேற பேட் 19 வெள்ளிக்கு வாங்கினேன். முதல் ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு, மூனாவது நாள் அதுவும் ஆரம்பிச்சிடுச்சு. அன்னிக்கு வரைஞ்சது மைனா, ரெண்டு மைனா வேலி மேல நின்னு பக்கத்து வீட்டு சண்டைய கேக்குது, கண்ணு சுத்தி வர்ற மஞ்சள் பட்டைய மெல்லிசா கோடு போட்டு காட்டலாம்னு இருந்தேன், அந்த இடமே மை தேங்கி குழியா ஆயிடுச்சு. அழுகையே வந்துடுச்சு எனக்கு. கண்ணு போச்சுன்னா படமே போச்சு, சிரிப்பு படத்துல பாதி சிரிப்பு கண்ணுலதான இருக்கு.

இதுக்கு நடுவுல 7ஆம் தேதி ஒரு துப்பு கெடச்சுது, நான்தான் புரிஞ்சுக்கல. அன்னிக்கு ராத்திரி வேலை இருக்குன்னு ஆபீசுக்கு பேட் எடுத்துட்டு போயி சாப்பாட்டு நேரத்துல வரைஞ்சேன், அதே நிப், அதே மை, பேட்லேருந்து அதே மாதிரி தாள். கோடு கத்தி மாதிரி வந்துச்சு. உடும்பு அது, எண் சீட்டு கையில வச்சுக்கிட்டு வரிசையில நிக்குது, முன்னாடி இருக்கிற ஆளுங்க எல்லாம் மாறிக்கிட்டே இருக்காங்க இது மட்டும் அசையாம நிக்குது. பகல்ல கை நிதானமா இருக்கு, ராத்திரி களைச்சு போயி அழுத்தறேன் போல, அதான் பரவுதுன்னு நான் முடிவு கட்டினேன். நாலு நாள் கைய லேசா வைக்கிற பயிற்சி பண்ணேன், பழைய தாள்ல நூறு நூறு கோடு. அதனால பிரயோஜனம் இல்லன்னு சொல்ல மாட்டேன், கை பழகுச்சு. ஆனா பரவறது அப்படியேதான்.

11ஆம் தேதி சனிக்கிழமை எங்க சித்தப்பா மகன் வந்தான். கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கிற தொழில் அவனுக்கு. மேசையில கெடந்த படத்தையெல்லாம் எடுத்து பாத்தான், காக்காவ பாத்து சிரிச்சான், அப்புறம் தாள விரலால தடவி பாத்துட்டு, "அக்கா, இந்த பேப்பர எங்க வைக்கிறீங்க?"ன்னு கேட்டான். அலமாரிய காட்டினேன். அந்த அலமாரி குளியலறை சுவத்த ஒட்டி இருக்கு. அவன் கதவ திறந்து மூக்க நீட்டி மோந்து பாத்தான். "என் லென்ஸ இதுக்குள்ள வச்சா ஒரே மாசத்துல பூஞ்ச புடிச்சிடும்க்கா, பேப்பர மட்டும் விட்டுடுமா?"ன்னான்.

பேப்பர் செய்யும்போது நாருக்குள்ள பசை மாதிரி ஒன்னு கலக்கறாங்க, மை உள்ள ஓடாம மேலயே நிக்கறதுக்கு. காத்துல ஈரம் அதிகமானா தாள் அந்த ஈரத்த குடிச்சு நார் உப்புது, மை அந்த ஈர நார புடிச்சுக்கிட்டு ஓடுது. அக்டோபர் பினாங்குல நல்ல மழை மாசம், சாயங்காலமானா கொட்டும், நான் வரையறது மழை விட்ட ராத்திரி, அதுவும் சோறு வடிச்சு குழம்பு கொதிச்ச சமையல்கட்டுல. ஆபீஸ்ல ஏர்கான் பகல் முழுக்க ஓடுது, தாள் காஞ்சிடுது. என் கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

நம்பறதுக்கு சோதனை பண்ணி பாத்தேன். புது பேட்லேருந்து ஒரு தாள் எடுத்து மூனா வெட்டி, ஒன்ன சமையல்கட்டு மேசையிலயே விட்டேன், ஒன்ன பிஸ்கட் டின்னுல போட்டு மூடினேன், மூனாவத தம்பி குடுத்த டப்பாவுல, ரப்பர் வளையம் வச்ச மூடி, உள்ள ஒரு கை சிலிக்கா ஜெல். பக்கத்துல ஈரம் அளக்கிற சின்ன மீட்டர், 14 வெள்ளி, ஆன்லைன்ல வாங்கினது ரெண்டு நாள்ல வந்துடுச்சு. சமையல்கட்டு ராத்திரி மழைக்கு அப்புறம் 86% காட்டுச்சு. படுக்கை ரூம்ல ஏர்கான் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு 58. டப்பாவுக்குள்ள ஒரு நாள் கழிச்சு 47. மூனு துண்டுலயும் ஒரே நிப்பால அஞ்சு அஞ்சு கோடு போட்டேன். மேசை துண்டுல கோட்டுக்கு முடி மொளச்சுது, பிஸ்கட் டின் துண்டு சுமார், டப்பா துண்டுல அஞ்சும் சுத்தம். மகன கூப்பிட்டு எது எங்க இருந்துச்சுன்னு சொல்லாம காட்டினேன், சட்டுனு டப்பா துண்டத்தான் எடுத்தான்.

ஆனா எல்லா தாளையும் காப்பாத்த முடியல. அலமாரியில ஒரு வருஷம் கெடந்த பழைய பேட்ட டப்பாவுல மூனு நாள் வச்சு பாத்தேன், அப்பவும் பரவுது. ஓரத்துல பழுப்பு புள்ளி வேற. அதுல இருந்த பசையே போயிடுச்சு, காய வச்சாலும் திரும்ப வராது. அது இப்ப பென்சில் தாள். புது பேட் ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு.

டப்பாவ பத்தி இன்னும் கொஞ்சம். நான் அப்புறமா சொந்தமா ஒன்னு வாங்கினேன், 22 வெள்ளி, ஏ4 தாள் படுக்க வைக்கிற அளவு. சிலிக்கா ஜெல் ஒரு கிலோ 20 வெள்ளி, ஆரஞ்சு நிறம், ஈரம் குடிச்சு முடிச்சா கரும்பச்சையாயிடும், ஓவன்ல 120 டிகிரியில ரெண்டு மணி நேரம் வச்சா திரும்ப ஆரஞ்சு. நீல நிறத்துலயும் விக்கறாங்க, அந்த நீலத்துக்கு கோபால்ட் உப்பு கலக்கறாங்க, சாப்பாடு பண்ற ஓவன்ல அத வைக்க எனக்கு மனசு வரல. ஆரஞ்சுக்கும் தனி தட்டு வச்சிருக்கேன், அதுல வேற எதுவும் சுடறதில்ல. ஜெல்ல பழைய சாக்ஸுக்குள்ள கட்டி ஒரு மூலையில வச்சேன், தாள் மேல படக்கூடாது. 45லேருந்து 55க்குள்ள இருந்தா போதும், ஒரு நாள் ஜெல் அதிகமா போட்டு 30க்கு இறங்கிடுச்சு, தாள வெளிய எடுத்ததும் அப்பளம் மாதிரி வளைஞ்சுச்சு. தேவையான ஒரு தாள மட்டும் எடுத்து உடனே மூடி போட்டுடணும், எடுத்ததுலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள மை வேலைய முடிச்சிடணும், மழை ராத்திரின்னா நாப்பது நிமிஷம். நிப்பும் கழுவி துடைச்சதும் அதே டப்பாவுக்குள்ளதான், இல்லன்னா இங்க துருவுக்கு ரெண்டு நாள் போதும்.

சரி, பேப்பர் கதை அவ்வளவுதான். இன்னொரு பாதி, சிரிப்பு வர வைக்கிறது. அதுலயும் முதல் வாரம் தப்பாத்தான் போயிட்டு இருந்தேன்.

முதல் ஆறு படத்துலயும் மிருகத்துக்கு சட்டை மாட்டினேன், தொப்பி வச்சேன், காக்காவுக்கு விசில் கூட குடுத்தேன். ஃபார்ம் 1, அதாவது இடைநிலைப் பள்ளி முதல் வருஷம் படிக்கிற மகன் நாலாவது படத்த பாத்துட்டு "அம்மா, இது மனுஷன் ஒடம்புல குரங்கு தலைய ஒட்டின மாதிரி இருக்கு"ன்னான். அவன் சொன்னது முழுக்க சரி. குரங்கு குரங்கா உக்காரல, அது நாற்காலியில என் மேனேஜர் மாதிரி உக்காந்திருந்துச்சு. அந்த ஒடம்ப வரைஞ்சது நான் பாத்த குரங்க வச்சு இல்ல. அன்னிலேருந்து எனக்கு நானே வச்சுக்கிட்ட சட்டம்: மிருகம் மிருகமாவே இருக்கும், அது தினம் பண்ற காரியத்தையே பண்ணும், மனுஷன் சாமான் ஒன்னே ஒன்னுதான் குடுக்கலாம்.

உடும்புதான் முதல்ல அப்படி வந்த படம், அதோட நிக்கற நிதானமே போதுமா இருந்துச்சு, கையில எண் சீட்டு மட்டும். அப்புறம் இருவாச்சி. கருப்பு வெள்ளை இருவாச்சி இங்க மரத்துலயும் ஃப்ளாட் மாடியிலயும் வந்து உக்காருதுல்ல, அதுல பெட்டை முட்டை வைக்கிற நேரம் மரப்பொந்துக்குள்ள போயி வாசல அடைச்சுக்கும், அலகு நீட்டற அளவு ஒரு பிளவு மட்டும் விட்டு வச்சிருக்கும், ஆண்தான் வெளியிலேருந்து சாப்பாடு கொண்டாந்து ஊட்டும். இதுல நான் கற்பனை பண்ண என்ன இருக்கு, இயற்கையே பாதி வேலைய முடிச்சு வச்சிருக்கு. ஆணுக்கு முதுகுல சாப்பாடு டெலிவரி பெட்டி ஒன்னு மாட்டினேன், பொந்துக்குள்ளேருந்து அலகு மட்டும் தெரியுது, கீழ எழுத்து: "சம்பல் எங்க?" அம்மா இத பாத்து சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு ஆண்ட்டி என்னன்னு எட்டி பாத்தாங்க.

பல்லி எனக்கு ரொம்ப பிடிச்ச படம். சுவத்துல தொங்கற தமிழ் காலண்டர் பக்கத்துல நின்னு பல்லி விழும் பலன் பகுதிய படிக்குது, கீழ ஒரு அண்ணே குனிஞ்சு செருப்பு மாட்டறாரு, பல்லி யோசிக்குது: "தலையா, தோளா?" இதுக்கு ஏழு தடவை பென்சில் போட்டேன். முதல்ல பல்லிக்கு கண்ணாடி போட்டிருந்தேன், எடுத்துட்டேன். கை வச்சு பக்கத்த புரட்டற மாதிரி போட்டேன், அதையும் எடுத்துட்டேன். கடைசியில வெறும் பல்லி, சுவத்துல ஒட்டிக்கிட்டு தலைய மட்டும் லேசா காலண்டர் பக்கம் திருப்பி. அந்த தலை திரும்பற கோணத்துலதான் எல்லாம் இருக்கு. மைக்ரான் 01ல வால் நுனி, 05ல ஒடம்பு, சுவத்துக்கு எதுவுமே போடல.

பாம்புக் கோயில் விரியனும் அப்படித்தான். அது மணிக்கணக்கா அசையாது, அங்க போனவங்களுக்கு தெரியும். வந்தவங்க எல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறாங்க, அது நெனைக்குது: "கழுத்து வலிக்குது, கழுத்து எதுவரைக்கும்னுதான் தெரியல." எழுத்து ஏழு சொல்லுக்கு மேல போனா சிரிப்பு குறையுது, இது நான் படம் படமா பாத்து கண்டுக்கிட்டது. அதுக்கப்புறம் எழுதி முடிச்சதும் விரல் விட்டு எண்ணுவேன்.

13, 14ஆம் தேதி காய்ச்சல், வரையல. 15லயும் 16லயும் ரெண்டு ரெண்டா வரைஞ்சு சமன் பண்ணிட்டேன். அதுல சேவல் படம் சரியா வரல, திரும்ப வரையவும் இல்ல, அது அப்படியே இருக்கட்டும்.

18ஆம் தேதி வேற ஒரு பாடம். தீபாவளி 20, திங்கட்கிழமை, அதனால அந்த சனிக்கிழமை வீடு முழுக்க முறுக்கு. நான் காலையிலேருந்து அம்மாவோட மாவு பிசைஞ்சு பிழிஞ்சு, ராத்திரி கைய சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் உக்காந்தேன். தாள் டப்பாவுலேருந்து வந்தது, மீட்டர் 48. வெள்ளி ரதம் இழுக்கிற மாடு ரெண்டு. பினாங்குல செட்டியார் ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டுலேருந்து கெபுன் புங்கா ரோட்டு கோயிலுக்கு போகும்போது வழி நெடுக தேங்காய் ஒடைப்பாங்க, தெருவே வெள்ளையா இருக்கும், அதுல நடக்கிற மாடு ரெண்டும் பேசிக்குதுங்க: "அடுத்த வருஷம் பூட்ஸ் கேக்கணும்." பெரிய கருப்பு பட்டை ஒன்னு பிரஷ் பேனால இழுத்தேன், நடுவுல அங்கங்க மை ஒட்டவே இல்ல, வட்ட வட்டமா வெள்ளை. முதல்ல ஒன்னும் புரியல. வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா என் விரல் ரேகை. தாளோட ஓரத்த புடிச்சிருந்தேன், மேசையும் தொட்டிருந்தேன், மேசையில முறுக்கு எண்ணெய் மெல்லிசா படிஞ்சிருக்கு. ஈரம் பட்ட தாள்ல மை ஓடுது, எண்ணெய் பட்ட தாள்ல மை விலகுது. அந்த வெள்ளை வட்டத்துக்கு மேல எத்தனை தடவை இழுத்தாலும் நிக்காது. கடைசியில அந்த வட்டங்களையே சிதறின தேங்காய் துண்டா மாத்திட்டேன், சுத்தி மைக்ரான்ல சின்ன கோடு போட்டு. நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே மேசை மேல ஒரு பெரிய மணிலா அட்டை விரிச்சுத்தான் வேலை, வலது கைக்கு அடியில ஒரு துண்டு தாள், உள்ளங்கை வேர்வைக்கும் அது தடுப்பு.

தீபாவளி அன்னிக்கு விருந்தாளி எல்லாம் கிளம்ப பத்தரை ஆயிடுச்சு. வெளிய பட்டாசு. பக்கத்து வீட்டு நாய் எங்க சோபாவுக்கு அடியில, பூனையும் அங்கதான், ரெண்டும் ஒன்னுக்கு ஒன்னு முகம் பாக்காம படுத்திருக்கு. அத அப்படியே பாத்து வரைஞ்சேன், நடுவுல ஒரு முறுக்கு டின் மட்டும் நான் சேத்தது. எழுத்து போடல. முப்பத்தொன்னுல ரொம்ப சீக்கிரம் முடிஞ்சது அதுதான், முப்பத்தி ரெண்டு நிமிஷம், பென்சிலே போடல.

கடைசியா லோத்தோங். கருப்பு மையில இந்த குரங்கு வரைய குடுத்து வச்சிருக்கணும். ஒடம்பு பூரா இருட்டு, கண்ண சுத்தி வெள்ளை வளையம், வாய்லயும் வெள்ளை. குட்டி மட்டும் பொறக்கும்போது ஆரஞ்சு நிறம். 25ஆம் தேதி சனிக்கிழமை காலைல தாவரவியல் பூங்காவுக்கு போயி ஒரு மணி நேரம் நின்னு பாத்தேன், கிறுக்கல் மட்டும் பதினெட்டு. மறுநாள் வரைஞ்சேன்: அம்மா குரங்கு ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) மாதிரி கணக்கு நோட்டுல எழுதுது, அதுக்கு கண்ணாடி நான் போட வேணாம், பொறக்கும்போதே போட்டிருக்கு. மடியில குட்டி. ஆரஞ்ச எப்படி கருப்பு மையில காட்டறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அம்மா முழுக்க பிரஷ் பேனா கருப்பு, குட்டிக்கு வெளிக்கோடே கெடையாது, அம்மா ஒடம்போட கருப்பு எங்க முடியுதோ அதுதான் குட்டியோட ஓரம், உள்ள மைக்ரான் 01ல புள்ளி புள்ளியா கொஞ்சம் ரோமம். தாள் காஞ்சிருந்தாத்தான் இது நடக்கும். 3ஆம் தேதி தாள்ல இத பண்ணியிருந்தா கருப்பு பரவி குட்டிய மூடியிருக்கும்.

செலவு கூட்டி பாத்தேன். மேல சொன்னதோட ரெண்டாவது பேட், ரெண்டாவது மை, அப்புறம் நடுவுல வாங்கின எல்இடி வெளிச்சப் பலகை 32 வெள்ளி, எல்லாம் சேத்து 285 வெள்ளி. அதுல தேவையில்லாம போனது 28, ஒரு மை போத்தலும் ரெண்டு நிப்பும், முதல் நிப்பே இன்னும் நல்லாத்தான் ஓடுது. வெளிச்சப் பலகைய நான் அஞ்சு தடவைதான் எடுத்தேன், ஆனா பல்லி படத்துக்கு அது இல்லன்னா முடிஞ்சிருக்காது, பழைய தாள்ல ஏழு தடவை போட்ட பென்சில அடியில வச்சு நல்ல தாள்ல நேரா மை போட்டேன். 200 ஜிஎஸ்எம்ல முழு வெளிச்சம் வச்சா கோடு தெரியுது.

இப்ப ஒரு படத்துக்கு சராசரி அம்பது நிமிஷம். அதுல மை வேலை இருபது நிமிஷம்தான், மிச்சம் யோசனை, பென்சில், கழுவறது. அடுத்த அக்டோபருக்கு செப்டம்பர்லயே ரெண்டு பேட் வாங்கி டப்பாவுல போட்டுடுவேன். மிருகத்த பாக்கறதுக்கும் முன்னாடியே சனிக்கிழமைகள ஒதுக்கணும், நான் நேர்ல நின்னு பாத்துட்டு வரைஞ்சது ஒன்பதுதான், மிச்சமெல்லாம் ஞாபகத்துலேருந்து, வித்தியாசம் படத்துல தெரியுது. பிரஷ் பேனாவுக்கு கூடுதல் காட்ரிட்ஜ் வேணும், 29ஆம் தேதி நடு ராத்திரி தீந்து போச்சு, நீர்நாய் குடும்பத்துல அப்பாவுக்கு மட்டும் நிப்பால கருப்பு அடைச்சேன்.

லோத்தோங் படத்துல ஒரு தப்பு இருக்கு, அத சரி பண்ணாம எனக்கு தூக்கம் வராது. பேனா புடிக்கிற கைக்கு நம்ம மாதிரி நீளமா கட்டை விரல் போட்டிருக்கேன். நேத்து பூங்காவுல எடுத்த போட்டோவ பெருசாக்கி பாத்தா அந்த கட்டை விரல் ரொம்ப குட்டை, மத்த நாலு விரல்லதான் கிளைய புடிக்குது. அப்ப பேனாவ எப்படி புடிக்கும்? நாலு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல மடக்கித்தான் புடிக்கணும், அது இன்னும் நல்லா இருக்கும் போலருக்கே. நாளைக்கு சனிக்கிழமை, மழை இல்லன்னா காலைல ஏழரைக்கு பூங்கா வாசல்ல இருப்பேன், மகனும் வரேன்னு சொல்லியிருக்கான். டப்பாவுல ஒரு தாள் எடுத்து வச்சாச்சு, மீட்டர் 49.